‘சார், நீங்க டீச்சரா?’

மஸ்கட்டில் லிஃப்டுக்குள் நுழைகிறவர்கள் ஸலாம் சொல்லிவிட்டுத்தான் நுழைவார்கள். முன்பின் தெரியாதவர்கள். உள்ளே நிற்கிற நாலைந்து பேரும் பதில் ஸலாம் சொல்வார்கள். அதோடு சரி. பிறகு எல்லோரும் கதவுக்கு மேலே மாறுகிற எண்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இறங்கிப் போகிறவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எங்கள் தென்காசியில் இப்படிக் கிடையாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் ஸலாமும் சொல்லமாட்டார், வணக்கமும் சொல்லமாட்டார். “அண்ணாச்சிக்கு எந்தூரு?” என்று ஆரம்பித்து, அடுத்த ஊரான இலஞ்சி தாண்டுவதற்குள் நம் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்பதுவரை கேட்டு முடித்திருப்பார். நான் லிஃப்ட் மெக்கானிக். பத்தொன்பது வயதில் இங்கே வந்தேன், இப்போது நாற்பத்து நாலு. இந்த ஸலாமுக்கும் அதன் பின்னால் வரும் மௌனத்துக்கும் இன்னும் முழுசாகப் பழகவில்லை.

சில வருடங்களுக்கு முன்னால் மஸ்கட்டின் ரூவி பகுதியில் ஒரு பழைய கட்டடத்தில் லிஃப்டைத் திறந்து வைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளை அங்கியும் பூவேலைத் தொப்பியுமாக ஓர் ஓமானி இளைஞர் வந்து நின்றார். ஸலாம் சொன்னேன். பதில் இல்லை, நெஞ்சில் கையை வைத்துத் தலையைச் சாய்த்தார். எந்த மாடி என்று எனக்குத் தெரிந்த அரபியில் கேட்டேன். அவர் காதைத் தொட்டுக் காட்டி, இல்லை என்று கையை அசைத்தார். யோசிக்காமல் என் வலது கை தானாக எழுந்தது. ஐந்து விரலையும் மேல்நோக்கிக் குவித்து இரண்டு தடவை ஆட்டினேன். எங்கள் வீட்டில் அதற்கு ‘என்ன, எது, எங்கே’ எல்லாம் அர்த்தம். அவர் தலையாட்டிவிட்டுச் சுவரோரம் போய்ச் சாய்ந்துகொண்டார். சரி, ஒன்றும் வேண்டாம் போலிருக்கிறது என்று நான் மொட்டைமாடி மோட்டார் அறைக்குப் போய்விட்டேன். அரைமணி நேரம் கழித்து வந்து பார்க்கிறேன், மனுஷன் அதே இடத்தில் நிற்கிறார். போனில் தட்டி என்னிடம் காட்டினார்: ‘பொறு என்று நீதானே சொன்னாய்? இப்போது போகலாமா?’ இந்த நாட்டில் விரலைக் குவித்துக் காட்டினால் ‘கொஞ்சம் பொறு’ என்று பொருளாம். நாலாவது மாடி கிளினிக்கில் அவர் முறை எப்போதோ போயிருக்கும். அவர் கோபப்படவில்லை. எனக்குத்தான் அன்று முழுக்க வேலை ஓடவில்லை. அந்தச் சைகை என்னுடையதே அல்ல. என் தங்கச்சி ரஹ்மத் உண்டாக்கியது.

ரஹ்மத்துக்கு மூன்று வயதில் காய்ச்சல் வந்து காது போய்விட்டது. என்னைவிட நாலு வயது இளையவள். காது போன பிறகு வாயும் மெல்ல மெல்ல நின்றது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கைப்பேச்சு ஒன்றை உண்டாக்கிக்கொண்டோம். மூக்குத்தி இருக்கும் இடத்தைத் தொட்டால் உம்மா. தலையில் தொப்பியைச் சரிசெய்வதுபோல் காட்டினால் வாப்பா. உச்சந்தலையில் இரண்டு கையாலும் சடசடவென்று தட்டினால் குற்றாலம். கடைக்கு, டாக்டரிடம், பக்கத்து வீட்டுக்கு, எங்கே போனாலும் நான்தான் அவள் வாய். எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது வாப்பா எங்கள் இருவரையும் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போனார். அங்கே காது கேளாத பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம். நாங்கள் போன நேரம் சாப்பாட்டு இடைவேளை. மைதானம் நிறையப் பிள்ளைகள், எல்லோரும் கையால் பேசுகிறார்கள். சண்டை போடுகிறார்கள், கதை சொல்லுகிறார்கள், ஒரு வாத்தியாரைச் சுற்றி நின்று கேலி செய்கிறார்கள். அவரும் கையாலேயே திருப்பிக் கேலி செய்கிறார். ஒரு சத்தமும் இல்லை. ஆனால் அதைவிட இரைச்சலான இடத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. ரஹ்மத் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றாள். நான் அவளைப் பார்க்கவில்லை, அந்த வாத்தியாரைத்தான் பார்த்தேன். இந்த ஆளாகத்தான் ஆகவேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

அவளை அங்கே சேர்க்கவில்லை. “பொம்பளப் பிள்ளைய ஹாஸ்டல்ல விட்டுட்டு நான் எப்படிலே ராத்திரி தூங்க?” என்று திரும்பி வரும்போது வாப்பா பஸ்ஸில் என்னிடம் கேட்டார். அவர் கூலக்கடை பஜாரில் ஓர் அரிசிக் கடையில் கணக்கு எழுதினார், பிள்ளைகள்மேல் உயிர். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு இன்றைக்கும் மனசு வராது. பிளஸ் டூ முடித்ததும் வாத்தியார் பயிற்சிக்குப் போகிறேன் என்று சொன்னேன். அந்த வாரமே மஸ்கட்டிலிருந்த மாமா விசா அனுப்பிவிட்டார். எங்கள் தெருவில் விசா வந்த வீட்டில் வேறு பேச்சு பேசமுடியாது. நானும் பேசவில்லை. இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்து படிக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதை வாசிக்கிற உங்களில் பலபேர் இதே வாக்கியத்தைச் சொல்லித்தான் விமானம் ஏறியிருப்பீர்கள். இரண்டு வருடம் என்பது எத்தனை தடவை இரண்டு வருடமாகும் என்று உங்களுக்கும் தெரியும்.

எனக்கு நாற்பத்தொரு வயதாகும்போது குற்றாலச் சீசன் சமயத்தில் லீவு கிடைத்தது. நல்ல சாரல். மனைவி மும்தாஜும் மகளும் நானும் ஐந்தருவிக்குப் போனோம். குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டு கடைகள் பக்கம் வந்தேன். ஒலிபெருக்கியில் ஒரு குழந்தையைக் காணோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பச்சைச் சட்டை, ஏழு வயது, பெயர் இன்னது, எங்கே இருந்தாலும் போலீஸ் அறைக்கு வரவும். திரும்பத் திரும்ப அதே அறிவிப்பு. சிப்ஸ் கடை ஓரத்தில் ஒரு பச்சைச் சட்டைச் சிறுமி, ஈரத்தலையோடு நின்றுகொண்டிருந்தாள். தலைக்கு மேலே அவள் பெயர்தான் அலறுகிறது. அவளோ போகிற வருகிற முகங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒரு பெண் போலீஸ் அவள் முன்னால் குனிந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“பாப்பா, ஒம் பேரு என்னட்டி? வாயத் தொறந்து சொல்லு. பயப்படாத.”

எனக்கு விளங்கிவிட்டது. போய் அவள் முன்னால் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தேன். காதைத் தொட்டு, கேட்காதா என்று கையை விரித்தேன். அந்தப் பிள்ளையின் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. மூக்குத்தி இடத்தைத் தொட்டு, அம்மா எங்கே என்று கேட்டேன். அது எங்கள் வீட்டுச் சைகை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவளுக்கும் அது அம்மாதான். அருவிப் பக்கம் காட்டினாள், அப்புறம் இரண்டு கையும் பறக்கப் பறக்க எதையோ சொன்னாள். பத்தில் ஒன்று புரிந்தது. அப்பாவோடு ஆண்கள் பக்கம் போனவள், அம்மாவைத் தேடிக் கூட்டத்தில் நழுவியிருக்கிறாள். பெண்கள் குளிக்கிற பக்கத்திலிருந்து அவள் அம்மா ஓடி வந்தார். சிவகிரிப் பக்கத்து ஆட்கள். அழுது முடித்து மூச்சு வாங்கியபின் என்னைப் பார்த்துக் கேட்டார்.

“சார், நீங்க டீச்சரா?”

“இல்லம்மா. மஸ்கட்ல லிஃப்ட் வேல பாக்கேன்.”

“டீச்சர்னுல்லா நெனச்சேன்” என்றார். அவர் குரலில் ஏமாற்றம் இருந்தது. கொஞ்சம் தயங்கி, “இப்ப அவ ஒங்ககிட்ட என்ன சொன்னா சார்? எங்கிட்டயும் தெனமும் இப்படித்தான் கைய ஆட்டி ஆட்டிச் சொல்லுதா. எனக்கு ஒண்ணும் விளங்க மாட்டேங்கு” என்றார்.

எனக்கும் முழுசாக விளங்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஆய்க்குடிப் பக்கம் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற இடம் இருக்கிறது, போய்க் கேளுங்கள் என்று சொல்லி, வழியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். போனார்களா இல்லையா என்று இன்றுவரை தெரியாது.

மறுநாள் நான் ஆய்க்குடிக்குப் போனேன். சைகை மொழியும், அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் முறையும் சொல்லித்தருகிற ஒரு வருடப் படிப்பு பக்கத்தில் ஓர் இடத்தில் நடக்கிறது என்று அங்கே சொன்னார்கள். வயது வரம்பு உண்டா என்று கேட்டேன். வயது ஒன்றும் தடையில்லை என்று சொல்லிவிட்டார்கள். தடை இருக்கிறது என்று சொல்லியிருந்தால் நிம்மதியாக மஸ்கட்டுக்கு விமானம் ஏறியிருப்பேன். கனவைத் துரத்துவதற்குத் தைரியம் வேண்டும் என்று எல்லோரும் பேசுகிறார்கள். எனக்குத் தைரியம் எதுவும் வந்ததாக நினைவில்லை. ஒத்திப்போட்டு ஒத்திப்போட்டுச் சலித்துவிட்டது, அவ்வளவுதான். இன்னொரு தடவை ‘அடுத்த லீவில் பார்க்கலாம்’ என்று சொல்ல உடம்பில் தெம்பில்லை.

மும்தாஜிடம் சொன்னபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை மடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

“கல்யாணமாகிப் பதினெட்டு வருசம். வந்திருங்க, இங்கன ஒரு கட வச்சிப் பொழச்சிக்கிடலாம்னு எத்தன தடவ கேட்ருப்பேன்? அப்பல்லாம் விசா புதுப்பிக்கணும்னு சொன்னீய. புள்ள பொறந்தப்ப வரல. எங்க வாப்பா மௌத்தானப்ப வரல. இப்ப அருவிக்கரையில எந்த ஊர்ப் பிள்ளையோ கையக் காட்டுச்சுன்னு வாறீய.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. “வேண்டாம்னா விட்ருதேன்” என்றேன்.

“நான் வேண்டாம்னு சொல்லலியே. எனக்காக வரலன்னு சொல்லுதேன். வந்து படிங்க. ஆனா நான் சந்தோசப்படணும்னு எதிர்பாக்காதீய.”

அவள் சம்மதம் அப்படித்தான் கிடைத்தது. அந்த ஒரு வருடமும் காலையில் எனக்குத் தூக்குச்சட்டியில் சோறு கட்டிக் கொடுத்தாள். ஒருநாள்கூடப் படிப்பைப் பற்றிக் கேட்கவில்லை.

மஸ்கட்டில் மேனேஜரிடம் ராஜினாமா கொடுத்தது தனிக்கூத்து. சைன் லாங்குவேஜ் படிக்கப் போகிறேன் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் எகிப்துக்காரர். ‘சைன்’ என்ற சொல் மட்டும் அவர் காதில் விழுந்திருக்கிறது. எந்த சைன்போர்டு கம்பெனி, எவ்வளவு அதிகம் தருகிறார்கள், யார் உன்னை இழுத்தது என்று கோபமாகக் கேட்டார். நான் கையால் பேசிக் காட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “உன் உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா?” என்று இரக்கமான குரலில் விசாரித்தார். இல்லை என்று சொல்லியும் நம்பவில்லை. தோளில் தட்டி, உனக்காக துஆ செய்கிறேன் என்று அனுப்பிவைத்தார்.

வகுப்பில் என்னோடு படித்தவர்கள் பதினாலு பேர். பெரும்பாலும் இருபது வயதுப் பெண்பிள்ளைகள். முதல் நாள் என்னைப் பார்த்ததும் யாரோ ஒரு பிள்ளையின் அப்பா என்று நினைத்து நாற்காலி எடுத்துப் போட்டார்கள். சைகை மொழி கற்றுக்கொடுத்தவர் ஜெபராஜ், இருபத்தைந்து வயது, பிறவியிலேயே காது கேளாதவர். எனக்குப் பாதி தெரியும் என்ற நினைப்போடு போயிருந்தேன். நான் எங்கள் வீட்டுச் சைகை எதையாவது காட்டினால் அவர் என் மணிக்கட்டில் லேசாகத் தட்டுவார். இது இல்லை, மறுபடி. ஒருநாள் கரும்பலகையில் எழுதினார்: ‘அது உங்கள் இரண்டு பேருக்குள் உள்ள பேச்சு. இது எல்லோருடைய மொழி.’ அன்று வீட்டுக்கு வந்து, ரஹ்மத்தும் நானும் உண்டாக்கின சைகைகளை ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன். முந்நூறு தேறவில்லை. முப்பத்தெட்டு வயதுவரை அவள் அந்த முந்நூறுக்குள்தான் குடியிருந்திருக்கிறாள். அதிலும் என்னோடு மட்டும்தான். நான் மஸ்கட்டிலிருந்த வருடங்களில் அதுவும் கிடையாது.

ரஹ்மத்துக்கு ஒரு கல்யாணம் நடந்து, வருடம் திரும்புவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டாள். வாப்பா இப்போது இல்லை. உம்மாவோடு இருக்கிறாள், பிளவுஸ் தைக்கிறாள், தெருவில் அவள் தையலுக்குப் பேர் உண்டு. தினமும் சாயங்காலம் அவள் தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்குப் படித்ததை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். முதலில் சிரித்தாள். நிறங்கள், கிழமைகள், உறவுமுறைகள் எல்லாவற்றையும் என்னைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டாள். ஒருநாள் ‘ஏன்’ என்பதற்கான சைகையைக் காட்டினேன். அவளுக்குப் புரியவில்லை. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. எங்கள் வீட்டுப் பேச்சில் ‘என்ன’ இருந்தது, ‘எங்கே’ இருந்தது, ‘ஏன்’ இல்லவே இல்லை. யாரும் அவளுக்குக் காரணம் சொன்னதில்லை. அவளும் கேட்க வழியிருந்ததில்லை. மழை, குடை, ஏன்? பூனை, ஓட்டம், ஏன்? என்று எப்படி எப்படியோ விளக்கினேன். அரைமணி நேரம் பிடித்தது. கடைசியில் அவள் கண் விரிந்தது. தையலை நிறுத்திவிட்டு என்னைச் சுட்டிக்காட்டினாள். உள்ளங்கையை விமானம்போல் மேலே கொண்டுபோனாள். அப்புறம், புதிதாகப் படித்த அந்தச் சைகை.

நீ போனாயே. ஏன்?

குடும்பம், வேலை, வாப்பா, விசா என்று என் கை ஏதேதோ சொல்ல ஆரம்பித்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, நடுவிலேயே முகத்தைத் திருப்பி மெஷினை மிதிக்கத் தொடங்கினாள். சைகையில் பேசுகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் கதவைச் சாத்தின மாதிரி. அதற்குப் பிறகு ஒரு மாதம் அவள் எல்லோரையும் ஏன் ஏன் என்று கேட்டுத் தீர்த்தாள். என்னைப் பள்ளிக்கூடத்தில் ஏன் சேர்க்கவில்லை என்று உம்மாவிடம் கேட்டாள். நான்தான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன். உம்மா அழுதாள். “சின்ன வயசுல ரெண்டு பேரும் ஒழுங்காத்தானலே இருந்தீய” என்று என்னைத் திட்டினாள்.

படிப்பை முடித்துவிட்டேன். சான்றிதழ் வாங்கின அன்று மும்தாஜ் அதை வாங்கிப் பார்த்து, மடங்காமல் ஒரு பைலில் வைத்தாள். ஒரு சிறிய பள்ளியில் நாலு மாதம் பாடமும் நடத்தினேன். ஆறு பிள்ளைகள். அந்த நாலு மாதம் என் வாழ்க்கையில் நான் என்னை வேறு யாராகவும் நினைத்துப் பார்க்காத மாதங்கள். ஆனால் அது முழு வேலையாகவில்லை. அந்தச் சம்பளத்தில் வீடு நடக்கவில்லை, மகளைக் கல்லூரியில் சேர்க்கும் சமயமும் வந்துவிட்டது. மறுபடி மஸ்கட். பழைய கம்பெனியே எடுத்துக்கொண்டது, பழைய இடத்தில் அல்ல. நான் தொழில் சொல்லிக்கொடுத்த நேபாளித் தம்பி ஒருவர் இப்போது எனக்கு மேலே இருக்கிறார். மரியாதையாகத்தான் நடத்துகிறார். முட்டிதான் முன்னைப்போல் ஒத்துழைக்கவில்லை. மோட்டார் அறைக்கு ஏணியில் ஏறும்போது நடுவில் ஒருதரம் நின்றுகொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும், நம்மூர்க்காரர் ஒருவர் தன் வீட்டு ஹாலை ஒழித்துத் தருகிறார். நாலு பிள்ளைகள் வருகிறார்கள், இரண்டு பேர் தமிழ்ப் பிள்ளைகள், ஒன்று மலையாளம், ஒன்று ஓமானி. அவர்களின் அம்மாக்களும் பின்னால் உட்கார்ந்து படிக்கிறார்கள். வாரம் முழுக்க ஏறி இறங்கின உடம்பு, சிலசமயம் பாடத்தின் நடுவே கண்ணைச் சொக்கும். பிள்ளைகள் என் தொடையில் தட்டி எழுப்புவார்கள். விட்டுவிடலாமா என்று மாதத்துக்கு ஒருதடவை தோன்றுகிறது. வெள்ளிக்கிழமை வந்தால் போய்விடுகிறேன். இதுதான் நான் எட்டிப்பிடித்த கனவு. பாதிதான். யாராவது உங்களிடம் முழுசாகக் கிடைக்கும் என்று சொன்னால் நம்பாதீர்கள், கிடைக்காது என்று சொன்னாலும் நம்பாதீர்கள்.

ரஹ்மத் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஆய்க்குடிக்குப் பஸ் ஏறிப் போகிறாள். அவளைப்போன்ற பெண்கள் சிலர் அங்கே கூடுகிறார்கள். போன வாரம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அங்கிருந்து என்னை வீடியோவில் கூப்பிட்டாள். நான் ஒரு புதுக் கட்டடத்தின் பதினோராவது மாடியில், பூச்சு முடியாத சுவரோரம் நின்றிருந்தேன். அவள் போனை எதன்மேலோ சாய்த்து வைத்துவிட்டு இரண்டு கையாலும் பேசினாள். பக்கத்தில் ஒரு சிநேகிதி. இருவரும் தங்களுக்குள் எதையோ வேகமாகச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்குப் பாதி பிடிபடவில்லை, நான் படிக்காத சைகைகள் அவள் கையில் வந்துவிட்டன. அப்புறம் என் பக்கம் திரும்பி, எப்போது வருகிறாய் என்று கேட்டாள். என்னிடம் போனைச் சாய்த்து வைக்க ஓர் இடமில்லை. இடது கையில் போன் இருந்தது. ரம்ஜானுக்கு வீட்டுக்கு வருகிறேன் என்று வலது கையால் சொல்லப் பார்த்தேன். வீடு என்பதற்கு இரண்டு கையும் வேண்டும். இரண்டு உள்ளங்கையும் சாய்ந்து, விரல்நுனிகள் உச்சியில் தொட்டால்தான் கூரையாகும். நான் ஒரு கையை மட்டும் சரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் திரையருகே முகத்தைக் கொண்டுவந்து, நெற்றியைச் சுருக்கி என் கையைப் பார்த்தாள். புரியவில்லை. எங்கே வருகிறாய் என்று கேட்டாள்.